சீனியில்லாக் கோப்பியும் தொந்தியும்: இரண்டு ஆண்டுப் பாவனைக்குப் பின்

இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சீனியோ பால்மாவோ சேர்க்காத கோப்பியைக் குடித்து வருகிறேன். இக்காலத்தில் என் இடுப்புச் சுற்றளவு 98 சென்ரிமீற்றரிலிருந்து 91 ஆகக் குறைந்திருக்கிறது. இந்தக் குறைவில் கோப்பிக்கு உரிய பங்கு எவ்வளவு என்று பலர் கேட்கிறார்கள். மிகச் சிறிய பங்கு என்பதே என் கணிப்பு. ஆனால் கோப்பிக்கு மாறியதனால் என் நாளிலிருந்து நீங்கிப்போன பொருட்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

கிளிநொச்சியில் கதிரையில் இருந்து வேலை செய்பவர்களின் நாளைப் பார்த்தாலே இது விளங்கும். பத்து மணிக்குப் பால்தேநீரும் வடையும், மதியம் சோற்றுப் பார்சல், மூன்று மணிக்கு மறுபடியும் பால்தேநீரும் ரோல்சும், வீட்டுக்கு வந்ததும் இன்னொரு தேநீர் என்று போகும். கடைத் தேநீரில் இரண்டு கரண்டி சீனி சாதாரணம். அது ஏறத்தாழ 10 கிராம், அதாவது 40 கலோரி. முழு ஆடைப் பால்மாவில் 10 கிராமுக்கு ஏறத்தாழ 50 கலோரி உண்டு. ஆகவே ஒரு கோப்பை 90 கலோரி என்றால், மூன்று கோப்பை 270 கலோரி; இது ஏறத்தாழ ஒரு தட்டுச் சோற்றுக்குச் சமன். வெறும் கோப்பியிலோ ஒரு கோப்பைக்கு 2 கலோரி கூட வராது. கோப்பி கொழுப்பைக் கரைக்காவிட்டாலும், இந்த 270 கலோரி என் வாய்க்குள் போவதை நிறுத்தியது.

கோப்பியில் உள்ள கஃபீன் உடலின் சக்திச் செலவைச் சிறிதளவு கூட்டுகிறது என்பது உண்மைதான். எனினும் நாள்தோறும் குடிப்பவரின் உடல் அதற்குப் பழகிவிடுவதால், அந்தக் கூடுதல் நாளடைவில் தேய்ந்துபோகிறது. வயிற்றில் மட்டும் கொழுப்பைக் குறைக்கும் பானமோ உணவோ பயிற்சியோ கிடையாது. உட்கொள்வதை விடச் செலவு கூடும்போது உடல் முழுவதிலிருந்தும் கொழுப்பு குறைகிறது, எங்கிருந்து முதலில் குறையும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. எனக்கு முதலில் முகந்தான் வற்றியது. "என்ன அண்ணை, சுகமில்லையோ?" என்று வேலையிடத்தில் கேட்டார்கள்; தொந்தி அப்போதும் அப்படியே இருந்தது.

கோப்பியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா கொட்டையை இரும்புத் தாச்சியில் கருக வறுத்து, தனியே வறுத்த மல்லியும் சுக்கும் சேர்த்து இடிப்பார். மல்லி சேர்வதால் ஒரு கரண்டித் தூளில் கோப்பியின் அளவும், அதனால் கஃபீனின் அளவும் குறைகின்றன. சீனியில்லாமல் குடிப்பதற்கும் இந்தத் தூளே இலகுவானது, ஏனெனில் மல்லியின் வாசம் கசப்பின் முனையை மழுக்கிவிடுகிறது. சீனியை ஒரேயடியாக விட்டவர்கள் பலர் திரும்பிப் போனதைக் கண்டிருக்கிறேன். அரைக் கரண்டி அரைக் கரண்டியாகக் குறைத்து, இடையில் சில மாதங்கள் பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக் குடித்தேன். பனங்கட்டியும் சக்கரைதான், கலோரியில் சீனியிலிருந்து பெரிதாக வேறுபடாது; ஆனால் கடித்துக் குடிக்கும்போது சுண்டுவிரல் நுனியளவு துண்டே ஒரு கோப்பைக்குப் போதுமாகிறது. அதே பனங்கட்டியைக் கரைத்துக் குடித்தால் இந்த இலாபம் இல்லை.

குறைகளும் உண்டு. வெறும் வயிற்றில் குடித்த நாட்களில் எனக்கு நெஞ்செரிவு வந்தது, ஆகையால் காலைச் சாப்பாட்டுக்குப் பின்னரே குடிக்கிறேன். கஃபீனில் பாதி உடலை விட்டு நீங்குவதற்கு ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் செல்லும். நாலு மணிக்குக் குடித்த கோப்பியில் பாதி ஒன்பது மணிக்கும் இரத்தத்தில் இருக்கும். நித்திரை குறைந்தால் மறுநாள் பசியும் இனிப்பு ஆசையும் கூடுவதை நானே கண்டேன், எனவே மதியத்துக்குப் பின் கோப்பி இல்லை. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் கஃபீன், கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம் என்பதே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015இல் கூறிய எல்லை. இன்னொன்று, கொதிக்க வைத்து வடிகட்டாமல் குடிக்கும் கோப்பியில் கஃபெஸ்டோல் என்ற பொருள் தங்குவதால் அது கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும். கடதாசி வடிகட்டி அதைப் பெருமளவு பிடித்துவிடும். இரத்தச்சோகை உள்ள பெண்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் கோப்பியோ தேநீரோ குடிக்காதிருப்பது நல்லது, ஏனெனில் இரண்டும் உணவிலுள்ள இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன.

கைத்தொலைபேசியில் விளம்பரமாகி வீட்டுக்கே வந்து சேரும் "மெலிய வைக்கும் கோப்பி" பைக்கற்றுகளைத் தொடவே வேண்டாம். இத்தகைய கோப்பிகள் சிலவற்றில் சிபுட்ராமின் என்ற மருந்து மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கண்டறிந்திருக்கிறது. இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆபத்து என்பதால் 2010இல் சந்தையிலிருந்து நீக்கப்பட்ட மருந்து அது.

சீனியும் பால்மாவும் நீங்கியதோடு சாப்பாட்டில் செய்த மாற்றமும் சேர்ந்தே இடுப்பை உண்மையில் குறைத்தது என்பேன். வன்னியில் சோற்றின் அளவு வயல் வேலைக்காக வந்த அளவு. உழுது, நட்டு, அரிவு வெட்டிச் சூடடித்தவர்கள் உண்ட அளவையே, அறுவடை இயந்திரம் வந்த பிறகும், கதிரையில் இருப்பவர்களும் உண்கிறோம். குத்தரிசிக்கு மாறினால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். குத்தரிசியில் நார்ச்சத்து கூட, பசி தாங்கும், ஆனால் கலோரியில் வெள்ளையரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குரக்கன் பிட்டும் அப்படித்தான். அரைவாசிக்குத் தேங்காய்ப்பூவைப் போட்டு அவித்துவிட்டு அதை மெலிவதற்கான சாப்பாடு என்று சொல்ல முடியாது. நான் செய்தது, தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் முருங்கைக்கீரை, வல்லாரைச் சம்பல், பருப்பு, குளத்து மீன் குழம்பு ஆகியவற்றைக் கூட்டியதே. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்கு முன் முடிக்கிறேன். அதனால் பின்னிரவுப் பிஸ்கற் நின்றது. விடிகாலையில் இரணைமடுக் குளக்கட்டில் நடப்பதும் உண்டு, ஆனால் மாரியில் பல கிழமைகள் அது தடைப்பட்டபோதும் இடுப்பு கூடவில்லை.

இடுப்பை அளப்பவர்கள் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட பின், நாடாவை இறுக்காமல் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்து அளந்தால் எவருக்கும் நல்ல கணக்கு வரும்.

தெற்காசிய ஆண்களுக்குச் சொல்லப்படும் எல்லை 90 சென்ரிமீற்றர். நான் கடந்த பல மாதங்களாக 91இல் நிற்கிறேன். இனிக் குறைக்க எஞ்சியிருப்பது தேங்காய்ப்பால்தான் என்று கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்னேன். சொதியில் கைவைக்க வீட்டில் எவரும் இன்னும் சம்மதிக்கவில்லை.