வேலூர் வெயிலில் ஒரு ஜிபிஎஸ் வாட்ச்: எதை நம்பலாம், எதை விடலாம்

இருபதாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கிய ரன்னிங் வாட்சைக் கட்டிக்கொண்டு ஒரு முழுக் கோடையும் ஒரு மழைக்காலமும் வேலூரில் ஓடியாயிற்று. காலையில் கோட்டைப் பக்கம் பார்ப்பவர்கள் எல்லாரும் "எப்படி இருக்கு, வாங்கலாமா" என்று கேட்கிறார்கள், அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயர் போடவில்லை. நான் சொல்லும் நல்லதும் கெட்டதும் இந்த விலையில் வரும் எல்லா வாட்சுக்கும் ஏறக்குறையப் பொருந்தும், பெயரைப் போட்டால் பேச்சு பிராண்ட் சண்டையாகிவிடும். முடிவை முதலிலேயே சொல்கிறேன்: நேரத்துக்கும் தூரத்துக்கும் நல்ல வாட்ச், இதயத் துடிப்புக்குப் பரவாயில்லை ரகம். ஆனால் 'உன் ஃபிட்னஸ் இவ்வளவுதான்' என்று அது போடும் மார்க் இருக்கிறதே, அதை நம் ஊர் ஏப்ரல், மே மாதங்களில் சீந்தவே வேண்டாம்.

கடையில் முதலில் காட்டுவது இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் வாட்சுகளைத்தான். "பிபி பாக்கும் சார், ஆக்சிஜன் பாக்கும் சார், ஜிபிஎஸ்ஸும் இருக்கு" என்பார்கள். அந்த ஜிபிஎஸ் பெரும்பாலும் உங்கள் போனுடையது. போனைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினால்தான் வாட்சில் தூரம் வரும், வீட்டில் வைத்துவிட்டுப் போனால் கை வீச்சை எண்ணி உத்தேசமாக ஒரு தூரம் போடும். எப்படியும் போனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள் என்றால் போனிலேயே இலவச ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம், மூவாயிரம் மிச்சம். வாட்சுக்குள்ளேயே சொந்த ஜிபிஎஸ் இருக்கிறதா என்று கேளுங்கள், கடைக்காரர் தலையைச் சொறிந்தால் அடுத்த கடையைப் பாருங்கள்.

தூரம் எவ்வளவு சரியாக வருகிறது? திறந்த வெளியில் அருமை. சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டிலும் பாலாற்றுப் பாலத்திலும் தலைக்கு மேலே வானம் முழுசாக இருப்பதால் கோடு சாலை மேலேயே விழுகிறது. கோட்டைக்குள் மதிலை ஒட்டி ஓடினால்தான் வேடிக்கை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன, அங்கிருந்து வரும் சிக்னல் நேராகக் கைக்கு வராமல் கருங்கல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தால் கொஞ்சம் தாமதமாக வரும். வாட்ச் அந்தத் தாமதத்தைத் தூரம் என்று எடுத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து மேப்பைப் பார்த்தால் நான் ஓர் இடத்தில் அகழித் தண்ணீருக்குள் இறங்கி ஓடி மறுபடி கரை ஏறியிருப்பேன். எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசையையும் வாங்குகிற வாட்சுகளில் இந்தக் கோணல் நன்றாகக் குறைகிறது. கூட ஓடும் தம்பியிடம் அப்படி ஒன்று இருக்கிறது, அவன் கோடு ஒழுங்காகப் பாதையிலேயே போகிறது. என்னுடையது ஒற்றை அலைவரிசை. நான் அதற்காகக் கூடுதல் பணம் போட மாட்டேன், நம் ஊரில் சென்னை மாதிரி உயரக் கட்டடங்களுக்கு நடுவிலா ஓடுகிறோம்.

ட்ராக்கில் ஓடுபவர்கள் மட்டும் கவனியுங்கள். 400 மீட்டர் என்பது முதல் லேனில், உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளப்பது. எட்டாவது லேனில் ஒரு சுற்று 450 மீட்டரைத் தாண்டிவிடும். வளைவுகளில் ஜிபிஎஸ் வேறு தடுமாறும். ட்ராக் மோட் இருந்தால் லேன் எண்ணைக் கொடுத்து ஓடுங்கள், இல்லாவிட்டால் சுற்றை எண்ணிக்கொள்வதே மேல். அதே மாதிரி போட்டியில் ஹாஃப் மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர், முடிக்கும்போது வாட்ச் 21.3, 21.4 என்று காட்டினால் நடத்துபவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். முறைப்படி அளந்த பாதை என்றால், ஆள் எவ்வளவு குறுக்காக ஓட முடியுமோ அந்தக் கோட்டில்தான் அளப்பார்கள், அதோடு பாதை குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சேர்ப்பார்கள். நாம்தான் தண்ணீர் மேசைக்கும் செல்ஃபிக்கும் வளைந்து வளைந்து ஓடுகிறோம்.

வேகத்தைப் பற்றி ஒரு சின்ன விஷயம். 'இப்போதைய வேகம்' என்று திரையில் வருவது நொடிக்கு நொடி குதிக்கும், கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 40 விநாடி என்னும், அடுத்த பார்வையில் 6 நிமிடம் 25 விநாடி என்னும், நீங்கள் ஒரே மாதிரிதான் ஓடிக்கொண்டிருப்பீர்கள். அதை எடுத்துவிட்டு அந்தக் கிலோமீட்டரின் சராசரியை வையுங்கள்.

அடுத்தது இதயத் துடிப்பு. பின்பக்கம் பச்சை விளக்கு அடிக்கிறதே, தோலுக்கு அடியில் ரத்தம் ஏறி இறங்கும்போது அந்த வெளிச்சம் எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்துத்தான் துடிப்பைக் கணக்குப் போடுகிறது. பட்டை தளர்ந்திருந்தால், வாட்ச் மணிக்கட்டு எலும்பின் மேலேயே குதித்துக்கொண்டிருந்தால், அது துடிப்பை விட்டுவிட்டுக் காலடியை எண்ண ஆரம்பித்துவிடும். எனக்கு நடந்தது: தொரப்பாடி பக்கம் நிதானமாக, தம்பியோடு பேசிக்கொண்டே ஓடுகிறேன், வாட்ச் 172 என்கிறது. 172இல் மனிதன் கதை பேச முடியாது. நின்று, கழுத்தில் விரலை வைத்து 15 விநாடி எண்ணினால் 35, நாலால் பெருக்கினால் 140. அந்த 172 என் நிமிடக் காலடிக் கணக்கு. வாட்சை ஒரு விரல் அகலம் மேலே ஏற்றி இறுக்கியதும் அடங்கிவிட்டது. ஓடி முடித்ததும் தளர்த்திவிடுங்கள். வேக ஓட்டத்தில், அதாவது ஒரு நிமிடம் விரட்டி ஒரு நிமிடம் நடப்பது மாதிரி பயிற்சியில், கை வாட்ச் பின்தங்கியேதான் வரும். மூச்சு வாங்கி நிற்கும்போதுதான் அது மேலே ஏறும். அதற்கு நெஞ்சுப் பட்டைதான் சரி, அது இதயத்தின் மின்சாரத்தையே நேராகப் பிடிக்கிறது.

துடிப்பு மண்டலங்களை, அதாவது எத்தனை துடிப்பு வரை மிதம், எதற்கு மேல் கடினம் என்ற பிரிவுகளை, வாட்ச் தானாகப் போட்டுக்கொள்வதையும் அப்படியே விடக் கூடாது. அதிகபட்சத் துடிப்புக்கு 220இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்குதான் பெரும்பாலும். 43 வயதுக்கு 177 வரும். பாலமதி மலைப் பாதையில் மூச்சு முட்ட ஏறியபோது நெஞ்சுப் பட்டையிலேயே 186 பார்த்தேன். அந்தச் சூத்திரம் கூட்டத்தின் சராசரிக்கு ஓரளவு ஒத்துவரும், தனி ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போவது சாதாரணம். கையால் மாற்றியதும் மண்டலம் எல்லாம் இடம் மாறி, அதுவரை 'கடினம்' என்று பயமுறுத்திய ஓட்டம் 'மிதம்' ஆனது.

இப்போது மெயின் மேட்டருக்கு வருகிறேன், விஓ2 மேக்ஸ். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு நிமிடத்தில், அதிகபட்சம் எத்தனை மில்லி ஆக்சிஜனை உபயோகிக்க முடியும் என்பதுதான் அது. ஆய்வகத்தில் முகமூடி மாட்டி ட்ரெட்மில்லில் ஓடவைத்து மூச்சை அளந்து பார்ப்பார்கள். வாட்சுக்கு மூச்சு தெரியாது. இவ்வளவு வேகத்தில் ஓடினான், இவ்வளவு துடித்தது, ஆகவே இவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கிறது. குளிர்ந்த காலையில் அந்த ஊகம் மோசமில்லை. ஆனால் வெயிலில் என்ன ஆகிறது? ஓடும்போது நாம் எரிக்கும் சக்தியில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது, அந்தச் சூட்டை வெளியே தள்ள ரத்தம் தோலுக்குத் திரும்புகிறது, வியர்வையில் ரத்தத்தின் நீரும் குறைகிறது, ஒரு துடிப்புக்கு வெளியே போகும் ரத்தம் குறைவதால் இதயம் அடிக்கடி அடித்துச் சரிக்கட்டுகிறது. அதே வேகம், அதே கால், துடிப்பு மட்டும் பத்து பதினைந்து ஏறி நிற்கும். வாட்ச் அதைப் பார்த்து 'ஆள் தேய்ந்துபோய்விட்டான்' என்று எழுதிவிடும். ஜனவரியில் எனக்கு 44 போட்டது, மே மாதம் 39க்கு இறக்கியது, இத்தனைக்கும் மே மாதம்தான் அதிகமாக ஓடினேன். ஐப்பசி மழை பிடித்துக் காற்று குளிர்ந்ததும் 45. நான் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை.

இந்த மாதிரிக் கணக்குகளில் பெயர் எடுத்த ஃபர்ஸ்ட்பீட் பின்லாந்துக் கம்பெனி, 2020இல் ஜிபிஎஸ் வாட்ச் செய்யும் கார்மின் அதை வாங்கியது. அவர்களுக்கு அக்னி நட்சத்திரம் தெரியாது என்று கிண்டலடிக்கலாம்தான், ஆனால் நியாயமாகச் சொன்னால் விலை கூடிய மாடல்களில் 22 டிகிரிக்கு மேல் போனால் போன் வழியாக வானிலையை எடுத்துக்கொண்டு கணக்கைத் திருத்தும் வசதி இருக்கிறது. வேலூரில் 22 டிகிரிக்குக் கீழே என்பது மார்கழி விடியலில் கிடைக்கும் பாக்கியம், ஆக வருஷத்தில் பாதிக்கு மேல் அந்தத் திருத்தம் தேவை. வாங்கும்போது இதைப் பாருங்கள், பாட்டு வசதியையும் திரை நிறத்தையும் விட நமக்கு இதுதான் முக்கியம். வாட்சே காட்டும் வெப்பநிலையை நம்ப வேண்டாம், அது கைச் சூட்டையும் சேர்த்துக் காட்டும்.

கோடையில் நான் இப்போது செய்வது: வேகத் திரையை மறைத்துவிட்டு, துடிப்புக்கு 145 என்று அலாரம் வைத்து, அது அதிர்ந்தால் நடக்கிறேன். விடிவதற்கு முன்பே கிளம்பினாலும் ஏழு மணிக்குள் முடித்தாக வேண்டியிருக்கிறது, கிலோமீட்டர் வேகம் ஏழு நிமிடத்துக்கு மேல் போனாலும் கவலைப்படுவதில்லை. இந்த அலாரம் ஒன்றுக்காகவே வாட்சுக்குக் கொடுத்த பணம் தகும் என்பேன். கோட்டை எதிரே டீக்கடைக்காரர்தான் "இன்னா சார், ஓடி முடிச்சிட்டு கையவே பாத்துகினு நிக்கிறீங்க, டீ ஆறிப்போவுது" என்பார்.

தூக்க மார்க், மன அழுத்த மார்க் இவற்றையெல்லாம் நான் திறப்பதில்லை. ஓய்வுத் துடிப்பை மட்டும் பார்க்கிறேன். வழக்கமாக 54 இருக்கும், ஒரு வாரம் 62, 63 என்று ஏறி நின்றது, இரண்டு நாளில் காய்ச்சல். வாட்ச் நோயைக் கண்டுபிடித்தது என்று அர்த்தமில்லை, உடம்பு எதனுடனோ மல்லுக்கட்டுகிறது என்பது தெரிந்தது, அவ்வளவுதான். நெஞ்சு அடைப்பு, தலைசுற்றல் என்றால் திரையைத் தட்டிக்கொண்டிராமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அதற்குக் குறைச்சல் இல்லாத ஊர் இது.

மலை ஏற்றம் அளக்க வேண்டுமென்றால் காற்றழுத்த சென்சார் உள்ள மாடல் வேண்டும். ஜிபிஎஸ் தூரத்தில் காட்டும் துல்லியத்தை உயரத்தில் காட்டாது. என்னுடையதில் சென்சார் உண்டு, எட்டு ஒன்பது மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) குறைவதைப் பிடித்துவிடுகிறது. அந்தச் சின்ன ஓட்டையில் வியர்வை உப்பு அடைத்துக்கொண்டால் மட்டும் சமதரையில் மலை ஏற்றிவிடும்.

வியர்வைதான் இங்கே நிஜமான எதிரி. சிலிகான் பட்டை மே மாதத்தில் கையில் சிவப்புத் தடிப்பு போட்டது, நைலான் பட்டைக்கு மாறியதும் சரியாயிற்று. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் எல்லாம் தோல்தான், சொந்தக்காரர் ஒருவர் ஆசையாக அசல் தோல் பட்டை கொண்டுவந்து கொடுத்தார், கல்யாணத்துக்குக் கட்டிக்கொள்ள நன்றாக இருக்கிறது, ஓட்டத்துக்கு ஆகாது, நாற்றம் எடுக்கும். தினமும் பச்சைத் தண்ணீரில் கழுவித் துடைத்து, காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள். ஈரத்தோடு போட்டதில் என் சார்ஜ் கேபிளின் முனை பச்சை பிடித்துவிட்டது. வாரண்டியில் கேட்டால் அது 'பயன்பாட்டுச் சேதம்' என்று மெயில் வந்தது, இங்கே கேட்ட கடைகளில் அந்த கேபிள் இல்லை, ஆன்லைனில் வரும் வரை ஒரு வாரம் வெறுங்கையோடு ஓடினேன். வாங்கும்போதே கேபிள் ஒன்று கூடுதலாக ஆர்டர் போட்டுவிடுங்கள்.