இ-எஸ்சிஆர் தளம்: உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தேடுவோர் கவனத்துக்கு

அரசமைப்பின் 141-ஆவது பிரிவுப்படி, உச்ச நீதிமன்றம் வகுக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். அந்தத் தீர்ப்புகளின் அதிகாரப்பூர்வத் தொகுப்பான ‘சுப்ரீம் கோர்ட் ரிப்போர்ட்ஸ்’ முழுவதையும், 1950 முதல், ஹெட்நோட்டோடு (தீர்ப்பின் முன்னால் வரும் சுருக்கம்) இலவசமாகத் தருகிறது 2023 ஜனவரியில் தொடங்கிய இ-எஸ்சிஆர் இணையதளம். சட்டம் படிக்கும் எவருக்கும் இது பெரிய வரம்.

வழக்கின் பெயர், ஆண்டு, தொகுதி, நீதிபதி என்று எப்படியும் தேடலாம். வந்த முடிவுகளுக்குள்ளேயே மறுபடி தேடலாம். எனக்கு மிகவும் பிடித்தது அமர்வின் அளவை, அதாவது வழக்கைச் சேர்ந்து விசாரித்த நீதிபதிகளின் எண்ணிக்கையை, வைத்துத் தேடும் வசதி. மூவர் அமர்வு சொன்னதை இருவர் அமர்வு மாற்ற முடியாது. ஐவர் சொன்னதை மூவர் மாற்ற முடியாது. ஆகவே பெரிய அமர்வில் தொடங்கிக் கீழே வாருங்கள்.

சிக்கல் வருவது தீர்ப்பைத் திறந்த பிறகுதான். 1976-இன் ஏடிஎம் (கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட்) ஜபல்பூர் வழக்கை எடுங்கள். நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனு செல்லாது என்ற பெரும்பான்மைத் தீர்ப்பும், அதை மறுத்த நீதிபதி எச்.ஆர்.கன்னாவின் தீர்ப்பும் ஒரே கோப்பில் இருக்கும். தேடிய சொல் எந்தப் பக்கத்தில் விழுந்தது, அதை எழுதியவர் யார் என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். மாறுபட்ட தீர்ப்பின் வரியைச் சட்டமாகக் காட்டினால் வாதம் அங்கேயே சரியும். அடுத்தது, அன்று அச்சான பக்கம் பின்னால் நடந்ததைச் சொல்லாது. 2017-இல் அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பைத் தவறென்று ஒதுக்கிவிட்டது. எனவே எந்தத் தீர்ப்பைக் கண்டாலும் அதன் பெயரையே தேடுசொல்லாகப் போட்டு, பிந்தைய ஆண்டுகளின் தீர்ப்புகளையும் பார்த்துவிடுங்கள். இந்த ஒரு வேலையைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

ஹெட்நோட் வழிகாட்டி மட்டுமே. அது தொகுப்பாசிரியர்கள் எழுதுவது, தீர்ப்பின் பகுதி அல்ல. மேற்கோள் தீர்ப்பின் உடலிலிருந்தே வர வேண்டும். பழைய தீர்ப்புகள் பலவற்றில் பத்தி எண் இருக்காது; பக்க எண்ணோடு ஓரத்தில் உள்ள ஏ முதல் எச் வரையிலான எழுத்தைக் குறித்தால் நீதிபதி உடனே அந்த வரிக்கு வந்துவிடுவார்.

தமிழ் மொழிபெயர்ப்பு உள்ள தீர்ப்புகளும் உண்டு. கட்சிக்காரருக்கு விளக்க நல்ல உதவி, ஆனால் தாக்கல் செய்ய ஆங்கில மூலம்தான் செல்லும். உயர் நீதிமன்றத் தீர்ப்பு வேண்டுமென்றால் இங்கே தேடாதீர்கள்; அதற்கு நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் திட்டமான இ-கோர்ட்ஸின் தீர்ப்புத் தளம் தனியாக இருக்கிறது.