டேவிட் கிளார்க் எச்10-13.4: முதல் 200 மணி நேரத்துக்கான ஹெட்செட்

தென்னாப்பிரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் விமானியாக 1998-இல் உரிமம் பெற்றவர் அஸ்நாத் மஹாபா. பிறகு சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸில் பறந்தார். 2012-இல் சொந்தமாகப் பயிற்சிக் கல்லூரியும் தொடங்கினார். அந்த வழியில் போக நினைக்கும் டர்பன் நகரப் பெண்களுக்கும் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு வேண்டும். அதில் பெரும்பகுதி செஸ்னா 172 மாதிரியான சிறிய பிஸ்டன் எஞ்சின் விமானத்தில், காதைப் பிளக்கும் இரைச்சலில்தான் கழியும்.

அந்த இரைச்சலிலிருந்து காதைக் காக்கத்தான் டேவிட் கிளார்க்கின் இந்தப் பச்சை ஹெட்செட். இதற்கு பேட்டரி கிடையாது. இரைச்சலைக் குறைக்கும் அளவு 23 டெசிபல். எஞ்சினின் தாழ்ந்த உறுமலை அடக்குவதில் மின்னணு முறையில் இரைச்சலை அழிக்கும் ஹெட்செட்தான் கெட்டி; ஆனால் விலை பல மடங்கு. பயிற்சிக்கு இது போதும்.

காது மெத்தை தோலோடு ஒட்டினால்தான் அந்த 23 கிடைக்கும். ஜிமிக்கி, தடித்த கண்ணாடிக் காம்பு, காதோரம் அடங்காத முடி, எது இடையில் வந்தாலும் சத்தம் உள்ளே புகும். உச்சிக் கொண்டை போட்டால் தலைப்பட்டை முன்னால் நழுவும். பின்கழுத்தில் தாழ்வாகப் பின்னிவிடுங்கள். (மல்லிகைப்பூவைத் தரையிறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.)

மைக் உதட்டிலிருந்து 3 மில்லிமீட்டரில், பேசும் பக்கம் வாயைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் குரல் அமுங்கி எஞ்சின்தான் கேட்கும். குரல் மெல்லியது என்று பயிற்சியாளர் குறை சொன்னால், கத்தும் முன் இதைப் பாருங்கள்.

பிளக் இரண்டு: தடித்தது கேட்க, மெலிந்தது பேச. கேட்கிறது, பேச முடியவில்லை என்றால் மெலிந்தது முழுக்க இறங்கவில்லை. டர்பனின் வர்ஜீனியா விமான நிலையம் கடலோரம் என்பதால் உப்புக்காற்றில் பிளக்கில் களிம்பு ஏறும், கரகரப்பு அதனால்தான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் சரியாகும்.

ஏர்பஸ்ஸில் இந்த பிளக் பொருந்தாது, அங்கே எக்ஸ்எல்ஆர் என்ற ஐந்து முனை வட்ட பிளக். ஹெலிகாப்டருக்கும் வேறு மாடல்தான்.

பழையது வாங்கினால் மெத்தையை விரலால் அழுத்துங்கள். இறுகியிருந்தாலோ வெடித்திருந்தாலோ புது மெத்தையின் விலையையும் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.