வட்டக்கானல் ஐப்பசி நடை: குடையா, போன்சோவா, ரெயின்கோட்டா?

ஐப்பசியில் கொடைக்கானல் காலையில் வெயில் காட்டும், முற்பகலில் மஞ்சு (மூடுபனி) ஏறும், மதியத்துக்கு மேல் பெரும்பாலும் இடியோடு கொட்டும். கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறைக்குப் போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். அதாவது மழை பிடிக்கிற நேரமும் வியர்க்கிற நேரமும் ஒன்றாக வந்து சேரும். எதைப் போர்த்தினாலும் இந்தக் கணக்கை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

குடையைப் பலரும் ஏளனமாகப் பார்க்கிறார்கள். காற்றில்லாத தூறலுக்கு அதைவிட நல்லது கிடையாது. உடம்பில் ஒட்டாது, புழுங்காது. தார் ரோடு முடிகிற வரை குடையே போதும். வேர் பின்னிய சரிவில் இறங்கும்போதுதான் சங்கடம்: ஒரு கை குடைக்குப் போய்விட, வழுக்கினால் பிடிக்க ஒரு கைதான் மிச்சம். பாறை விளிம்பில் பள்ளத்தாக்குக் காற்று கீழிருந்து மேலே அடித்தால் கம்பிகள் திரும்பிவிடும். இடி கேட்டால் குடையை மடக்குங்கள், பாறையை விட்டு உடனே கிளம்புங்கள்.

தலைவழியாக மாட்டும் தொளதொள மழைப்போர்வையான போன்சோ, முதுகுப்பையையும் சேர்த்து மூடும், பக்கவாட்டில் காற்றும் புகும். ஆனால் இறங்கும்போது முன்பக்கத் தொங்கல் காலை மறைக்கும். அடுத்த வேர் எங்கே என்று தெரியாமல் கால் வைப்பதுதான் சறுக்கலுக்குக் காரணம். முன் ஓரத்தைப் பையின் இடுப்புப் பட்டைக்குள் செருகிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மெல்லிய பிளாஸ்டிக் ரகம் முதல் உண்ணிச்செடி முள்ளிலேயே கிழியும். பக்கத்தில் பிரஸ் பட்டன் உள்ள நைலான் வாங்குங்கள்.

ரெயின்கோட்டில் இரண்டு ரகம். பைக்கில் போடும் பி.வி.சி. கோட்டுக்குள் மழை ஒரு சொட்டுகூட வராது, வியர்வையும் வெளியே போகாது. பத்து நிமிட ஏற்றத்தில் பனியன் பிழிகிற அளவுக்கு நனைந்திருக்கும். சமவெளியில் 30 டிகிரி என்றால் 2,100 மீட்டர் உயரத்தில் 18ஐ ஒட்டித்தான் இருக்கும். ஈரப் பனியனோடு காற்றில் உட்கார்ந்தால் ஐந்தே நிமிடத்தில் நடுக்கம் எடுக்கும்.

இரண்டாவது ரகம், வியர்வை ஆவியை வெளியே விடும் ‘மூச்சுவிடும்’ துணி ஜாக்கெட். விலை அதிகம், பலன் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. ஆவி வெளியேற வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட உலர்ந்திருக்க வேண்டும். மஞ்சுக்குள் அது நடப்பது குறைவு. எனவே நீர்த்தாங்கு அளவு (துணி கசியாமல் தாங்கும் நீர்த்தம்பத்தின் உயரம்) 10,000 மில்லிமீட்டர் என்றிருந்தால் போதும், அதற்குமேல் செலவழிக்கும் காசை அக்குள் ஜிப் உள்ள மாடலுக்குக் கொடுங்கள். மழைத்துளி உருண்டு ஓடாமல் துணியில் ஊறினால், கோட்டு ஒழுகுகிறது என்று முடிவு கட்டாதீர்கள். மேல்பூச்சு தேய்ந்திருக்கும். நீர் விலக்கும் ஸ்ப்ரே அடித்து, லேபிள் அனுமதித்தால் மிதமான சூட்டில் உலர்த்துங்கள்.

இந்த நடைக்கு எங்கள் தேர்வு அக்குள் ஜிப் ஜாக்கெட். உள்ளே பருத்தி வேண்டாம், பாலியஸ்டர் பனியன் போடுங்கள், ஜீன்ஸும் வேண்டாம். ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே ஜிப்பைத் திறந்துவிடுங்கள், வியர்த்த பிறகு திறந்து பயனில்லை. முதுகுப்பைக்கு மழையுறை மட்டும் போட்டு நம்ப வேண்டாம். முதுகுப் பக்கம் வழியும் தண்ணீர் அதற்குள் இறங்கும். மாற்றுச் சட்டையையும் போனையும் கெட்டியான பாலித்தீன் பையில் கட்டி உள்ளே வையுங்கள்.