தண்டையார்பேட்டைக் கிளையில் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகள்: ஒரு மதிப்பீடு

வெளிநாட்டில் வேலை செய்பவருக்கு ஊரில் ஒரு வங்கிக் கணக்கு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எந்த வங்கி என்று வரும்போதுதான் பலரும் வட்டி விகிதத்தையும் கைபேசிச் செயலியையும் மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். சில ஆண்டுகளாகச் சார்ஜாவில் வேலை செய்துகொண்டு, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தண்டையார்பேட்டைப் பக்கம் இருக்கும் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ என்ற இரண்டு கணக்குகளையும் வைத்திருக்கும் நான் முதலில் பார்ப்பது வேறொன்றை. கணக்கு நம் பெயரில் இருந்தாலும் வங்கிப் படியேறுபவர்கள் வீட்டில் இருக்கும் அம்மாவோ அப்பாவோதான். அவர்கள் நடந்தே போய்வரக்கூடிய தொலைவில், அவர்களுக்குப் புரியும்படி பொறுமையாகப் பதில் சொல்லும் கிளை எதுவோ அதுவே நமக்கு ஏற்ற கிளை. என் மதிப்பீடு முழுவதும் இந்த அளவுகோலின்படிதான்.

முதலில் சட்டம். வேலைக்காக வெளிநாடு சென்றுவிட்டால், அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி நாம் வெளிநாட்டில் வசிப்பவர் ஆகிவிடுகிறோம். அதன் பிறகு பழைய சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்க இடமில்லை. வங்கிக்குத் தெரிவித்து அதை என்ஆர்ஓ கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். 'யார் கேட்கப் போகிறார்கள்' என்று வருடக்கணக்கில் பழைய கணக்கிலேயே பணம் அனுப்பிக்கொண்டிருப்பவர்களை எங்கள் பகுதியில் எனக்குத் தெரியும். விதிமீறலில் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது என்பதை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். இந்தக் கிளையில் அந்த மாற்றம் எனக்குச் சிரமமில்லாமல் முடிந்தது. பாஸ்போர்ட், விசா, அமீரக முகவரிச் சான்று, பான் அட்டை, புகைப்படங்கள், வெளிநாட்டு வரி வசிப்பிடம் பற்றிய உறுதிமொழி ஆகியவற்றை விடுமுறையில் வந்தபோது நேரில் கொடுத்தேன். பழைய கணக்கை மாற்றியதோடு புதிய என்ஆர்இ கணக்கையும் அதே மேசையில் திறந்துகொடுத்தார்கள்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த மேசையில் இருந்த அதிகாரி ஒரு தாளில் கோடு போட்டு விளக்கினார். இணையத்தில் படித்ததைவிட அது தெளிவாக இருந்தது. என்ஆர்இ கணக்கு வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கு உரியது. அதிலுள்ள அசலையும் வட்டியையும் எப்போது வேண்டுமானாலும் முழுமையாக வெளியே எடுத்துச் செல்லலாம். வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. என்ஆர்ஓ கணக்கு இங்கே கிடைக்கும் வருமானத்துக்கு, அதாவது வாடகை, பங்கு ஈவு, நிலம் விற்ற பணம் போன்றவற்றுக்கு உரியது. ஊரில் கையில் இருக்கும் ரூபாயை அம்மா கொண்டுபோய் என்ஆர்இ கணக்கில் கட்ட முடியாது. அந்தக் கணக்கில் வெளிநாட்டிலிருந்து வரும் பணம், இன்னொரு என்ஆர்இ கணக்கிலிருந்து மாறும் பணம் போன்றவைதான் சேரலாம் என்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். பல வீடுகளில் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

என்ஆர்இ வைப்புத்தொகை பற்றி இரண்டு செய்திகளைச் சொல்லியாக வேண்டும். குறைந்தபட்சக் காலம் ஓராண்டு. அதற்கு முன் முறித்தால் வட்டி எதுவும் கிடைக்காது. மூத்த குடிமக்களுக்கான கூடுதல் வட்டி என்ஆர்ஐ எனப்படும் வெளிநாடுவாழ் இந்தியர்களின் வைப்புகளுக்குக் கிடையாது. ரூபாய் மதிப்பு சரிவதைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் டாலர் போன்ற வெளிநாட்டுப் பணத்திலேயே ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை போட்டுவைக்கும் எஃப்சிஎன்ஆர் வைப்பை இதே கிளையில் கேட்கலாம். திர்ஹாம் டாலரோடு பிணைக்கப்பட்டது, ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்பது நிலையான கணக்கு என்பதால், அமீரகத்தில் சம்பாதிப்பவர்களுக்கு டாலர் வைப்பு இயல்பாகவே பொருந்துகிறது. என் சேமிப்பு வீட்டுச் செலவுக்கும் தங்கையின் படிப்புக்கும் ரூபாயாகவே தேவைப்படுவதால் நான் அதில் இறங்கவில்லை.

இந்தக் கிளையின் மீது எனக்கு மதிப்பு வந்த இடம் கூட்டுக் கணக்கு. இந்தியாவில் வசிக்கும் நெருங்கிய உறவினரை என்ஆர்இ கணக்கில் சேர்க்கலாம்; ஆனால் முதல் கணக்குதாரர் உயிரோடு இருக்கும் வரை அவருக்கே உரிமை, அவருக்குப் பின்னரே அடுத்தவருக்கு என்ற நிபந்தனையுடன்தான் சேர்க்க முடியும். அதுவரை அந்த உறவினர் அதிகாரப் பத்திரம் (பவர்) பெற்றவர் என்ற முறையில் கணக்கை இயக்கலாம். பவர் வைத்திருப்பவர் உள்ளூர்ச் செலவுகளுக்குப் பணம் எடுக்கலாம், கட்டணங்கள் செலுத்தலாம். நம் சார்பில் புதிய கணக்குத் திறக்கவோ, நம் கணக்கிலிருந்து பிறருக்கு அன்பளிப்பாகப் பணம் தரவோ முடியாது. அதிகாரி இதை என்னிடம் சொல்லிவிட்டுப் படிவத்தை நீட்டியிருக்கலாம். அவரோ நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, "அம்மா, இது உங்க பையன் பணம், அவருக்காக நீங்க எடுக்கறீங்க, அதுக்குத்தான் இந்தக் கையெழுத்து" என்று தொடங்கி ஒவ்வொரு வரியையும் தமிழில் படித்துக்காட்டினார். அம்மா தமிழில் போடும் கையெழுத்தை மூன்று இடங்களில் நிதானமாக வாங்கி, முதலெழுத்தின் சுழி ஓரிடத்தில் மாறியிருந்ததைப் பார்த்து, "பின்னாடி காசோலை திரும்பிடக் கூடாது" என்று இன்னொரு தாளில் மறுபடியும் போடச் சொன்னார். அதன் பிறகு கையெழுத்துப் பொருந்தவில்லை என்று அம்மா ஒரு தடவைகூடத் திருப்பி அனுப்பப்பட்டதில்லை. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து தமிழ் தெரியாமல் தடுமாறும் ஊழியர்கள் பல கிளைகளில் இருக்கும் நிலையில், வயதானவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன்.

பாஸ்புக் பதியும் இயந்திரம் வாசலருகே இருக்கிறது. அம்மா இப்போது தாமாகவே பார்கோடு ஒட்டிய பக்கத்தை அதில் வைத்துப் பதிந்துகொள்கிறார். இயந்திரம் வேலை செய்யாத நாளில் கவுண்டரில், "தம்பி, பையன் பணம் ஏறிட்டுதா பாருப்பா" என்று கேட்டால், முகம் சுளிக்காமல் பார்த்துச் சொல்கிறார்கள்.

என்ஆர்ஓ கணக்கில்தான் பலருடைய பணம் தெரியாமலேயே போகிறது. அதில் சேரும் வட்டிக்கு 30 சதவீத வரியும் அதன் மீது 4 சதவீதக் கூடுதல் வரியும் சேர்த்து 31.2 சதவீதம் வங்கியிலேயே பிடிக்கப்படுகிறது. சாதாரணக் கணக்கில் இருப்பதுபோல் ஒரு வரம்பு வரை விலக்கு என்பது இதில் இல்லை. முதல் ரூபாயிலிருந்தே பிடித்தம்தான். 10,000 ரூபாய் வட்டி என்றால் 3,120 ரூபாய் போய்விடும். ஆனால் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் செய்துகொண்ட இரட்டை வரி விலக்கு ஒப்பந்தத்தின்படி வட்டிக்கான வரி 12.5 சதவீதம் மட்டுமே. அதே வட்டிக்கு 1,250 ரூபாயோடு முடிந்துவிடும். இதற்கு அமீரக அரசின் வரி வசிப்பிடச் சான்றிதழையும், வருமான வரித்துறை இணையதளத்தில் நிரப்பும் ஒரு படிவத்தையும், இந்தியாவில் நிலையான தொழிலமைப்பு இல்லை என்ற உறுதிமொழியையும் வங்கியிடம் ஒவ்வோர் ஆண்டும் கொடுக்க வேண்டும். இதைக் கிளையில் யாரும் தாமாக முன்வந்து சொல்லவில்லை என்பது என் முதல் குறை. கேட்ட பிறகு ஆவணங்களை வாங்கிப் பதிந்தார்கள். ஆனால் கேட்கத் தெரியாதவர் 31.2 சதவீதத்தையே கட்டிக்கொண்டிருப்பார். பிடித்த வரி அதிகமென்றால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். அதற்கு ஆடிட்டர் கட்டணமும் காத்திருப்பும் தனி.

இதோடு பான் விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆதாருடன் இணைக்காத பான் எண்கள் 2023 ஜூலை முதல் செயலிழந்தன. வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கு இருந்தும், வருமான வரித்துறையின் பதிவில் 'இந்தியாவில் வசிப்பவர்' என்றே இருந்தவர்களின் பான்களும் சேர்ந்தே முடங்கின. செயலிழந்த பானுக்கு வரிப் பிடித்தம் கூடும். கணக்கை என்ஆர்ஓவாக மாற்றும் நாளிலேயே வசிப்பு நிலையை அங்கும் மாற்றிவிடுவது நல்லது.

என்ஆர்ஓவில் சேர்ந்த பணத்தை வெளியே எடுத்துச் செல்ல, ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் என்பது உச்சவரம்பு. 15சிஏ, 15சிபி என்று நீண்ட காலமாக அறியப்பட்ட, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான வருமான வரிப் படிவங்கள், ஆடிட்டரின் சான்று, பணம் வந்த வழிக்கான ஆதாரம் ஆகியவை தேவை. எனக்கு இதுவரை அந்தத் தேவை ஏற்படவில்லை.

கப்பல் வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் காசிமேட்டிலும் ராயபுரத்திலும் பலர் இருப்பதால் அவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். வெளிநாட்டுக் கப்பலில், இந்தியாவுக்கு வெளியே செய்த வேலைக்கான சம்பளம் என்ஆர்இ கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக, வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவராகக் கருதப்படும் கடலோடியின் மொத்த வருமானத்தில் அது சேர்க்கப்படாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017 ஏப்ரலில் சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. எத்தனை நாள் வெளியே இருந்தோம் என்பதற்கான கப்பல் பணிப் பதிவேட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இதற்கு வரி வரும் என்று சொல்லும் தரகர்களின் பேச்சுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

தொலைவிலிருந்து இயக்குவதில்தான் இந்த வங்கி பின்தங்கியிருக்கிறது. ஓடிபி இந்திய எண்ணுக்கே வருகிறது. தொடர்ந்து 90 நாள் பயன்பாடு இல்லாத சிம் முடக்கப்பட்டு, பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போய்விடலாம் என்பதால், ரீசார்ஜ் செய்து ரோமிங்கில் உயிரோடு வைத்திருப்பது நம் பொறுப்பாகிறது. என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளை அமீரகம், சிங்கப்பூர், ஓமன், கத்தார், சவுதி அரேபியா உள்ளிட்ட 10 நாடுகளின் கைபேசி எண்களிலேயே யுபிஐயில் இணைக்க யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வழிசெய்தது. ஆனாலும் இந்த வங்கியின் செயலி என் அமீரக எண்ணை ஏற்க மறுக்கிறது. தனியார் வங்கிகளில் இந்த வசதி சிறப்பாக இருப்பதாக உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் பராமரிக்க வேண்டிய குறைந்தபட்ச இருப்பும் அதற்கேற்ப அதிகம்.

இதைவிடப் பெரிய குறை, வாடிக்கையாளரின் அடையாளத்தையும் முகவரியையும் சரிபார்க்கும் கேஒய்சி ஆவணங்களைப் புதுப்பிப்பதில் நேர்ந்தது. காலக்கெடு வந்ததும் கணக்கில் பணம் எடுப்பதை நிறுத்திவைத்தார்கள். நான் நோட்டரி சான்றொப்பமிட்ட நகல்களை அனுப்பினேன். கிளையிலிருந்து அவை போய்ச் சேர்ந்த மைய அலுவலகத்தில், தூதரகச் சான்றொப்பம்தான் வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். ரிசர்வ் வங்கியின் விதியோ, வெளிநாட்டு நோட்டரி, இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளை அதிகாரிகள், இந்தியத் தூதரகம் என எதன் சான்றொப்பத்தையும் ஏற்க இடம் தருகிறது. அந்தப் பத்தியை மேற்கோள் காட்டி எழுத்துமூலம் புகார் கொடுத்த பிறகே சரிசெய்தார்கள். அந்த இடைவெளியில் அம்மாவின் மருந்துச் செலவுக்கும் மின்கட்டணத்துக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கைமாற்று வாங்க வேண்டியிருந்தது. இதை நான் எளிதில் மன்னிக்க மாட்டேன். இப்படி நேர்ந்தால் வாய்வார்த்தையோடு நிற்காமல் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

பணம் அனுப்பும் செலவு சார்ஜா எக்ஸ்சேஞ்சின் விகிதத்தைப் பொறுத்தது. ஒரு திர்ஹாமுக்கு 20 காசு வித்தியாசம் என்றால் 1,000 திர்ஹாமுக்கு 200 ரூபாய். மாதாமாதம் அனுப்புபவருக்கு வைப்பு வட்டியில் கிடைக்கும் கால் சதவீதத்தைவிட இது பெரிய தொகை. வங்கியைத் தேர்வதில் காட்டும் அக்கறையை இதிலும் காட்டலாம்.

வெளிநாட்டில் உழைக்கும் தமிழருக்காக வங்கி நடத்துவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1937 பிப்ரவரியில் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் கிளை திறந்தது. பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் குடும்பங்களும், வளைகுடாவுக்குப் போனவர்களின் குடும்பங்களும் நிறைந்த வடசென்னையில், ஒவ்வொரு கிளையிலும் என்ஆர்ஐ பணிக்குத் தனி மேசை இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகமில்லை. இந்தக் கிளையில் அந்த வேலையை ஒரே அதிகாரிதான் பார்க்கிறார். அவர் விடுப்பில் போனால் வேலை நின்றுவிடுகிறது. திங்கட்கிழமையையும் மாதத்தின் முதல் வாரத்தையும் தவிர்த்துவிட்டு, அவர் இருக்கிறாரா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

கணக்கு வைத்திருப்பவர்கள் இன்னும் இரண்டு வேலைகளை முடித்துவைக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நாமாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும். ஆகவே பயன்படாத என்ஆர்ஓ கணக்கிலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது சிறு தொகையை எடுக்கவோ போடவோ வேண்டும். மற்றொன்று நாமினி. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகக் குறிப்பிட்டு, யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். என் கணக்குகளில் அம்மாவின் பெயர் மட்டுமே இருந்தது; தங்கையின் பெயரையும் சேர்க்கக் கேட்டபோது, கிளையில் பழைய படிவத்தையே நீட்டினார்கள். புதிய படிவத்தை வரவழைத்துத் தருவதாக அதிகாரி சொல்லியிருக்கிறார்; அடுத்த விடுமுறையில் அதை நிரப்பிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி அம்மாவிடம் தந்துவிட்டுத்தான் விமானம் ஏறுவேன்.