அரசின் விலக்குரிமை பற்றிய கட்டணப் பாடத்தொகுப்பு: ஒரு மதிப்பீடு

அரசு ஊழியர் அரசியலமைப்பை மீறினால் அரசின் மீது வழக்குத் தொடுத்து இழப்பீடு பெற முடியுமா, அல்லது அத்தகைய வழக்கிலிருந்து அரசுக்கு விலக்கு (விலக்குரிமை) உண்டா என்பதைச் சட்டம் படிக்காதவர்களுக்கும் விளக்க முனையும் இந்த இணையவழிப் பாடத்தொகுப்பில், கஸ்தூரிலால் வழக்கைப் பற்றிய பகுதி மட்டுமே கொடுத்த பணத்துக்கு ஈடாகும். 1947-இல் மீரட் போலீசார் ஒரு வணிகரிடம் கைப்பற்றிய தங்கத்தைத் தலைமைக் காவலரே எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். ஆயினும், கைது செய்வதும் பொருளைக் கைப்பற்றுவதும் இறைமை அதிகாரம், அதாவது அரசுக்கு மட்டுமே உரிய ஆட்சி அதிகாரம், என்பதால் அரசு பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இதை மாற்றச் சட்டம் இயற்றுமாறு அதே தீர்ப்பு வலியுறுத்தியதையும் ஆசிரியர் பதற்றமின்றி எடுத்துரைக்கிறார்.

1993-ஆம் ஆண்டின் நீலபதி பெஹரா தீர்ப்புக்கு வந்ததும் ஏனோ அவசரம் தொற்றிக்கொள்கிறது. போலீஸ் காவலில் இறந்த மகனுக்காகத் தாய் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று ஒன்றரை லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்ட நீதிமன்றம், உரிமையியல் வழக்கில் அரசு எழுப்பும் விலக்குரிமை வாதம் அடிப்படை உரிமைகளுக்காக நேரே உச்ச நீதிமன்றத்தை அணுக வழிசெய்யும் அரசியலமைப்பின் 32-ஆம் பிரிவின் கீழான மனுவில் எடுபடாது என்று வகுத்த வேறுபாடுதான் இப்பொருளின் உயிர்நாடி. அதைச் சில வாக்கியங்களில் முடித்துவிடுகிறார்கள். ஒலிப்பதிவில் குறையில்லை. தேர்வுக்குப் படிப்பவர்கள் மூலத் தீர்ப்பையும் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது.