பிஎம்ஐசி-யை எழுப்புவது யார் வேலை: பூட்லோடரா, டிரைவரா, டிவைஸ் ட்ரீயா?

புதிய போர்டில் லினக்ஸை ஏற்றும்போது பிஎம்ஐசி-யை, அதாவது போர்டின் ஒவ்வொரு பகுதிக்கும் வேண்டிய மின்னழுத்தத்தைத் தரும் சிப்பை, தயார்படுத்த மூன்று வழி உண்டு. கெர்னலுக்கு முன்னால் ஓடும் பூட்லோடரே எல்லா ரெஜிஸ்டரையும் (சிப்பின் அமைப்புகள் உட்காரும் சிறு நினைவிடங்கள்) எழுதி முடித்துவிடலாம், அல்லது கெர்னல் டிரைவரின் ப்ரோபுக்குள் (சிப்பைக் கண்டதும் டிரைவர் ஓட்டும் தொடக்க நிரல்) ஒரு அட்டவணை வைத்து எழுதலாம், இல்லையென்றால் போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் வரம்புகளை மட்டும் சொல்லிவிட்டு மீதியை, மின்னழுத்தம் தரும் ரெகுலேட்டர்களைக் கவனிக்கும் கெர்னலின் ரெகுலேட்டர் ஃபிரேம்வொர்க்கிடம் விட்டுவிடலாம். என் ஓட்டு மூன்றாவதுக்குத்தான். ஆனால் முதல் இரண்டையும் முழுசாக ஒதுக்க முடியாது, எதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் தகராறே.

பூட்லோடர் கொஞ்சமாவது செய்தே ஆக வேண்டும். பீகிள்போன் பிளாக் போர்டில் இருக்கும் பிஎம்ஐசி டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிபிஎஸ்65217. சிபியுவை 1 கிகாஹெர்ட்ஸில் ஓட்ட வேண்டுமென்றால் யூ-பூட் என்ற பூட்லோடரின் முதல் சிறு கட்டமான எஸ்பிஎல், ஐ2சி என்ற இரு கம்பி இணைப்பு வழியாக அந்தச் சிப்பிடம் பேசி முதலில் மின்னழுத்தத்தை ஏற்றுகிறது. அந்த நேரத்தில் முதன்மை நினைவகமான டிராமே இன்னும் எழவில்லை, கெர்னலை எங்கே போய் வைப்பது? சரி, அதோடு நின்றால் பரவாயில்லை. 'அதான் பூட்லோடர் பார்த்துக்கொள்கிறதே' என்று டிஸ்ப்ளே, வைஃபை, எஸ்டி கார்டு வரை எல்லாவற்றையும் அங்கேயே தள்ளிவிடும்போதுதான் வம்பு.

ஒரு உதாரணம், எஸ்டி கார்டு. அதை யுஎச்எஸ் என்ற அதிவேக முறைக்கு மாற்ற கெர்னல் சிக்னல் மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டிலிருந்து 1.8-க்கு இறக்குகிறது. இப்போது ரீபூட் செய்கிறீர்கள், எஸ்ஓசி (சிபியு இருக்கும் முதன்மைச் சிப்) ரீசெட் ஆகிறது, ஆனால் பல போர்டுகளில் பிஎம்ஐசிக்கு அந்த ரீசெட் போவதே இல்லை, கார்டுக்குப் போகும் மின்சாரமும் அறுபடவில்லை. எஸ்ஓசிக்குள்ளேயே பதிந்திருக்கும் முதல் நிரலான பூட் ரோம் 3.3-ஐ எதிர்பார்த்துப் பேசுகிறது, கார்டு இன்னும் 1.8-இல் உட்கார்ந்திருக்கிறது, போர்டு அப்படியே நின்றுவிடுகிறது. யூ-பூட்டில் எவ்வளவு அழகாக எழுதி வைத்திருந்தாலும் பயனில்லை, கார்டிலிருந்து யூ-பூட் ஏறினால்தானே அது ஓடும்! ரீபூட்டின்போது பிஎம்ஐசி-யையே முழுதாக ரீசெட் செய்வது அல்லது மூடும் முன் கார்டின் மின்சாரத்தை அறுத்துவிடுவது, இரண்டில் ஒன்றைக் கெர்னல் பக்கம்தான் செய்ய வேண்டியிருக்கும்.

டிரைவருக்குள் அட்டவணை வைப்பதற்கு நல்ல மாதிரி ராக்சிப்பின் ஆர்கே808 பிஎம்ஐசி. அதன் டிரைவர் ப்ரோபின்போது சில ரெஜிஸ்டர்களை ஒரு பட்டியலிலிருந்து வரிசையாக எழுதுகிறது, உள்ளே வரும் மின்னழுத்தம் குறைந்துவிட்டது என்று எச்சரிக்க 3.5 வோல்ட் என்ற வரம்பும் அதில் ஒன்று. படிக்கச் சுலபம், ஒரே பார்வையில் புரியும். அதே சிப் வேறு போர்டில் வேறு தேவையோடு வந்தால்தான் இஃப் மேல் இஃப் போட ஆரம்பிப்பீர்கள். எந்தப் போர்டில் இருந்தாலும் அந்தச் சிப்புக்கு மாறாத விஷயம் என்றால் அட்டவணை, மற்றபடி வேண்டாம். அப்புறம், தயாரிப்பாளர் தந்த ரெஜிஸ்டர் டம்ப்பை (எல்லா ரெஜிஸ்டர் மதிப்புகளின் பட்டியல்) அப்படியே ஒட்டும் பழக்கம் எல்லாச் சிப்பிலும் செல்லாது: டிபிஎஸ்65217-இல் சில ரெஜிஸ்டர்களுக்குப் பூட்டு உண்டு, அந்த ரெஜிஸ்டரின் முகவரியை ஹெக்ஸ் 7டி-யோடு எக்ஸ்-ஆர் செய்து பாஸ்வேர்ட் ரெஜிஸ்டரில் போட்ட பிறகுதான் எழுத முடியும், இரண்டாம் நிலைப் பூட்டு என்றால் இதையே இரண்டு முறை செய்ய வேண்டும்.

டிவைஸ் ட்ரீ வழியில் நீங்கள் மதிப்பை எழுதுவதில்லை, குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று மட்டும் சொல்கிறீர்கள். பூட்லோடர் வைத்துவிட்டுப் போன மின்னழுத்தம் அந்த வரம்புக்குள் இருந்தால் கெர்னல் தொடாது, வெளியே இருந்தால் உள்ளே இழுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் சிபியுவின் சப்ளையில் கண்மூடித்தனமாக எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. டிராமுக்குப் போகும் ரெகுலேட்டருக்கு 'ஆல்வேஸ்-ஆன்' போட மறந்தால், கேட்பாரற்ற ரெகுலேட்டர் என்று நினைத்து கெர்னல் அதை அணைத்துவிடும், அதுவும் உடனே இல்லை, தொடக்க வேலைகள் முடிந்து 30 வினாடி கழித்து. லாகின் பிராம்ப்ட் வந்து கொஞ்ச நேரத்தில் போர்டு செத்துப்போனால் முதலில் இதைப் பாருங்கள்.

எந்த டிரைவர் முதலில் எழ வேண்டும் என்ற வரிசை விஷயத்திலும் இரண்டு கட்சி உண்டு. டிபிஎஸ்65910 என்ற பிஎம்ஐசியின் டிரைவர் மாதிரி, சாதாரண டிரைவர்களுக்கு முன்பே கெர்னல் ஓட்டும் சப்சிஸ் இனிட்கால் கட்டத்தில் சீக்கிரமே பதிவு செய்துகொள்வது பழைய வழி. 2012-இல் வந்த லினக்ஸ் 3.4-க்குப் பிறகு, ரெகுலேட்டர் இன்னும் வரவில்லை என்றால் அதை எதிர்பார்க்கும் டிரைவர் 'பிறகு முயல்கிறேன்' என்று பொருள்படும் மைனஸ் 517 என்ற பிழை எண்ணைத் திருப்பிவிட்டுப் பின்னால் மறுபடி முயலலாம். புதிதாக எழுதுபவர்களுக்கு இரண்டாவதே போதும், ஏனென்றால் டிரைவரை மாட்யூலாக (கெர்னலில் பின்னால் தனியாக ஏற்றும் கோப்பாக) கட்டினால் சப்சிஸ் இனிட்கால் வெறும் மாட்யூல் இனிட்டாகத்தான் மாறும், முந்திக்கொள்ளும் வசதியே இருக்காது. யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரிய டிபக்எஃப்எஸ்ஸில் (கெர்னலின் உள்நிலையைக் காட்டும் கோப்பு அமைப்பு) 'டிவைசஸ்_டிஃபர்ட்' கோப்பைத் திறந்தால் போதும்.